கச்சான் காற்றுக்கு ஒரு கில்ட்

தம்பி,

பார்சலை மடியில் வைத்துப் பிரிக்காதே, கட்டிலில் வைத்துப் பிரி. மடிப்புகள் கலையக் கூடாது. அதோடு, அது நீ நினைப்பதைவிடக் கனம். மதுரை பஸ் கண்டக்டர் கையில் வாங்கியதுமே, "என்னக்கா, கருவாடா? நாறுனா பாதியில எறக்கி விட்ருவேன்" என்றார். துணி என்றேன். "துணியா? உள்ள கல்லு கில்லு வச்சுத் தச்சிருக்கீகளா?" என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். ஆனால் இதற்கு முந்திய தடவை ஏறக்குறைய அதைத்தான் நான் செய்திருந்தேன் என்பதால் எனக்கு முகம் சூடாகிவிட்டது. பஸ் பாலம் ஏறும்வரை அங்கேயே நின்றுவிட்டு வந்தேன்.

போன வாரம் போனில், திருவிழாவில் நடக்கப் போவதில்லை என்று சொன்னாய். நான் சரி என்று வைத்துவிட்டேன். எனக்குப் பதில் எல்லாம் போனை வைத்த பிறகுதான் வரும் என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். மற்ற ஊர்களில் எல்லாம், நீ பேக்பைப் வாசிக்கிற உங்கள் கல்லூரி பேண்டுக் குழு சாதாரண பேன்ட், வெள்ளைச் சட்டையில் வாசித்தது. நம் பாம்பனில், கடற்கரை மாதா கோயில் ஊர்வலத்தில்தான் முதல்முறையாக எல்லோரும் கில்ட் கட்டி நடப்பது என்று உங்கள் பேண்டு மாஸ்டர் முடிவு செய்தார். அவரவர் கில்ட் அவரவர் பொறுப்பு, இல்லாதவனுக்கு வரிசையில் இடமில்லை என்றும் சொன்னார். "எனக்குப் பதிலா வேற ஆளப் போட்டுக்கங்கன்னு சொல்லிட்டேம்மா" என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் விட்டிருப்பேன். "ஆனா முந்துன நாள் பிராக்டிஸ் வரைக்கும் எடம் காலியாத்தான் இருக்குமாம்" என்றும் சொன்னாய். வரவே போவதில்லை என்று முடிவெடுத்தவன் அதை ஏன் சொல்ல வேண்டும்? அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இதைத் தைத்து முடித்தேன்.

நீ முதல்முதலில் கில்ட் போட்டோ அனுப்பிய நாளை நினைத்துக்கொள்கிறேன். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றி முழங்கால் வரைக்கும் கட்டிக்கொண்டு, பேக்பைப்பை, அந்தப் பை வைத்த ஊதுவாத்தியத்தை, அக்குளில் இடுக்கி நிற்கிறார். முன்பக்கம் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. பின்பக்கம் முழுக்க மடிப்பு. வெளியே வாங்கினால் ஒரு செமஸ்டர் மெஸ் பில் ஆகிறது, நீ தச்சுத் தருவியாம்மா என்று கேட்டிருந்தாய். உன் அப்பா அப்போதுதான் யாரோ ஒருவருடைய போட் இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு, கைலியை மடித்துக் கட்டியபடி கை கழுவ வந்தார். போட்டோவை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நான் தெனமும் இப்படித்தானடி நிக்கிறேன். ஒரு பய காசு குடுத்து வாசிக்கக் கூப்பிடலையே" என்றார். நான் சிரித்தேன். ஆனால் என் தப்பு அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது. அட, இது கைலிதானே என்று எனக்கும் தோன்றிவிட்டது.

ராமநாதபுரம் போய் மூட்டாத கைலியாக இரண்டு எடுத்து வந்தேன். சிவப்பில் கறுப்புக் கட்டம். போட்டோவில் இருந்ததற்கும் அதற்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசம் இல்லை. விலையும் நம் கைக்குள் இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து தைத்து முடித்துவிட்டு, இவ்வளவு சுலபமான வேலைக்கா கடைக்காரன் அவ்வளவு கேட்கிறான் என்று உன் அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன். நான் அபிராமத்துக்காரி, தம்பி. எங்கள் ஊரில் காற்று மிளகாய்ச் செடியை ஆட்டும். வேறு ஒன்றும் செய்யாது. கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்து இத்தனை வருடமாகியும், துணி எடுக்கும்போது, திருவிழா நடக்கிற ஆடி மாதத்துக் கச்சான் காற்று என் ஞாபகத்துக்கு வரவில்லை. மேற்கிலிருந்து கடல்மேல் வந்து ஆளையே ஒரு பக்கமாய்ச் சாய்க்கிற காற்று, கைலித் துணியை என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. இன்னொன்றையும் யோசிக்கவில்லை. பேக்பைப் வாசிக்கிறவனுக்கு இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்கும். துணி தூக்கினால் பிடித்துக்கொள்ள அவனுக்குக் கை கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அதைக் கட்டிக்கொண்டு, வாத்தியமும் கையுமாக, நடந்து பார்க்கிறேன் என்று கடற்கரைச் சாலைக்குப் போனாய். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐஸ் பிளான்ட் திருப்பம்வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. திரும்பியதும் காற்று கீழே புகுந்து மொத்தத்தையும் உன் நெஞ்சுவரைக்கும் தூக்கிவிட்டது. உள்ளே டிரவுசர் போட்டிருந்தாய் என்பது ஒன்றுதான் ஆறுதல். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "ஏலே, கொடை திரும்பிருச்சுடோய்!" என்று கத்தினான். இன்னொருவன், "மாப்ள, அப்படியே பிடி, மழை வந்தா ஒதுங்கிக்கிறோம்" என்றான். நீயும் சேர்ந்து சிரித்தாய். சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாய். ஆனால் திங்கள்கிழமை காலை பஸ்ஸுக்குப் போக வேண்டியவன் அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாய். சட்னி அரைத்து வைத்திருக்கிறேன், இரு என்று சொன்னேன். பரவாயில்லைம்மா என்றாய். வேற ஊருன்னா எனக்கு ஒண்ணுமில்லம்மா, இவங்ய எல்லாம் என்னைச் சின்னப் பிள்ளையிலருந்து பாத்தவங்ய என்று பஸ் ஏறும்போது சொன்னாய். அந்தக் கைலி நீ கழற்றிப் போட்ட நாற்காலியிலேயே கிடந்தது.

தப்பு துணியில்தானே தவிர உன்மேல் இல்லை. அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், அந்தத் துணியையே எப்படியாவது அடக்கிவிடலாம் என்று இறங்கினேன். பக்கத்து வீட்டு ரோஸ்லின் வலை பின்னிக்கொண்டிருந்தாள். வலையின் அடிப்பக்கம் கடலில் மேலே கிளம்பாமல் இருக்க ஈயக்குண்டு கோப்பார்கள் அல்லவா, அதைப் பார்த்ததும் எனக்குப் பெரிய யோசனை வந்ததாக நினைத்தேன். ஒரு கை நிறைய வாங்கி வந்து கில்டின் கீழ் மடிப்புக்குள் வரிசையாக வைத்துத் தைத்தேன். காற்றில் தூக்கவில்லை, உண்மைதான். ஆனால் நான் இடுப்பில் சுற்றி வீட்டுக்குள் நாலு எட்டு வைத்ததும் ஈயம் ஒவ்வொன்றும் கடகடவென்று முழங்காலில் வந்து இடித்தது. கீழ்விளிம்பு குண்டு இருக்கிற இடத்தில் தொங்கியும் இல்லாத இடத்தில் ஏறியும், கரையில் இழுத்துப் போட்ட வலையைப் போலவே ஆகிவிட்டது. உன் அப்பா இன்ஜின் சாமானுக்கு நடுவிலிருந்து தலையைத் தூக்கி, "யாரு வீட்டு மாடு அவுத்துக்கிட்டு வருது?" என்றார். ரோஸ்லின் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யக்கா, இதுல மீனு படும். தம்பிய கடல்ல எறக்கி நடக்கச் சொல்லுங்க" என்றாள். அன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போதும் சுவருக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அவளும் அதைச் சொல்லியே சிரித்தார்கள்.

நான் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவள். இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் ஓரடித்த பாவாடைகளைக் கொடுக்கப் போனபோது, பாலத்துப் பக்கம் பிள்ளைகள் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனார்கள். தாவணி பறந்தது, ரிப்பன் பறந்தது, ஒரு பிள்ளையின் குடை நிஜமாகவே திரும்பிக்கொண்டது. யூனிஃபார்ம் பாவாடை மட்டும் ஆடிக்கொண்டே கீழே இருந்தது. நின்று பார்த்தேன். அந்தப் பாவாடைகளின் அடியில் ஒரு கனமும் கிடையாது. மடிப்புக்குள் மடிப்பாகத் துணி இருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் துணி பருத்தி இல்லை, பாலியஸ்டர் கலந்தது. ஒருமுறை இஸ்திரி போட்டால் மடிப்பு நிற்கும். கனம் கீழ்விளிம்பில் இருக்க வேண்டியதில்லை, இடுப்பிலிருந்து கீழ்வரை துணி முழுக்க இருக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. கைலியில் துணிக்குச் சிக்கனம் பார்த்து மடிப்பைக் குறைத்திருந்தேன். பிறகு அந்தக் குறைவை ஈயத்தால் நிரப்பப் பார்த்தேன்.

மறுபடியும் ராமநாதபுரம் போனேன். கடைக்கார பாய் என்னைப் பார்த்ததும் யூனிஃபார்ம் துணி இருக்கிற பக்கம் கையைக் காட்டி, "எந்த ஸ்கூலும்மா?" என்றார். ஸ்கூல் இல்லை என்றேன். "அப்ப?" என் பையனுக்கு என்றேன். "பையன் எத்தனாவது?" காலேஜ் மூன்றாவது வருடம் என்றேன். கடையில் இருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாவாடத் துணியாம்மா கேக்குற, காலேஜ் பையனுக்கு?" என்றார். வழக்கமாக இந்த இடத்தில் நான் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். என் குணம் உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஆனால் மேடையில் ஏறி எல்லோர் முன்னாலும் நடந்து பட்டம் வாங்க வேண்டும் என்றதும் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். பட்டம் தபாலில் வந்தது. எங்கள் தெருவில் தபால்காரர் மட்டும்தான் எனக்குக் கை கொடுத்தார். இதை உன்னிடம் சிரிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த மேடை எவ்வளவு நீளம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது என்பதைச் சொன்னதில்லை.

அன்றைக்குக் கடையில் இறங்கவில்லை. போனை எடுத்து நீ அனுப்பிய போட்டோவைக் காட்டினேன். பாய் பார்த்தார், பக்கத்தில் நின்ற அம்மாவும் எட்டிப் பார்த்தார். "பட்டாளத்துல இப்படிக் கட்டுவாங்கம்மா, எங்க மச்சான் காட்டியிருக்காரு" என்றார் பாய். அதற்குப் பிறகு அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. அலமாரியில் இருந்ததையெல்லாம் இழுத்துப் போட்டார். கம்பளி மாதிரி இருந்த ஒன்றைக் காட்டினார். கனமும் மடிப்பும் அருமையாக இருந்தன, விலையும் நம் ஊர் வெயிலும் ஒத்துவரவில்லை. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாளைக்கு உன் கூட்டாளி யாராவது கேட்டால் சொல்ல வசதியாக எழுதுகிறேன். துணியைக் கைக்குள் கசக்கிப் பிடித்துவிட்டு விடு. சுருக்கம் அப்படியே நின்றால் அது வேண்டாம். மடித்து நகத்தால் ஒருமுறை அழுத்தி இழு. கோடு விழ வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடி. அந்தப் பக்கம் இருக்கிற ஆள் தெரியக் கூடாது. கடைசியாக நான் செய்ததுதான் பாயைச் சிரிக்க வைத்தது. ஒரு துணியை நாலு மடிப்பு வைத்துப் பிடித்துக்கொண்டு, கடையில் நின்ற பெரிய ஃபேன் முன்னால் போய் நின்றேன். "காத்தக் கூட்டி வைக்கட்டா?" என்று கேட்டார். கூட்டுங்கள் என்றேன். மூன்று துணி பறந்து முகத்தில் அடித்தது. நாலாவது ஆடியது, எழும்பவில்லை.

கரும்பச்சையும் நீலமும் கட்டம் போட்டு, நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு ஓடுகிற துணி அது. ஏதோ ஒரு பள்ளிக்கூடம் யூனிஃபார்மை மாற்றிவிட்டதால் வாங்க ஆளில்லாமல் கிடந்த மிச்சம். அதனால் பாயும் விலையைப் பெரிதாகப் பேசவில்லை. அதில் இன்னொரு லாபம் உண்டு. அது பெரிய பன்னா துணி. அதாவது அகலம் கைலியைப் போல இல்லாமல் தாராளம். உனக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் வேண்டிய உயரம் அதில் பாதிதான். துணியை நீளவாக்கில் நடுவே கிழித்தால் ஒன்று இரண்டாகிவிடும். இரண்டிலும் ஒரு பக்கம் நெசவிலேயே வந்த கரை இருக்கும். அந்தக் கரையைக் கீழே வைத்துத் தைத்தால் மடித்து ஓரடிக்க வேண்டியதில்லை, விளிம்பு தடித்துத் தொங்காது. பாதி விலையில் முழு மடிப்பு. "பாவாட தைக்கிறவகளுக்கு இது தெரியலையே இத்தன நாளா" என்றார் பக்கத்து அம்மா. எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது என்றேன்.

ஒரே ஒரு கவலை இருந்தது. எந்தப் பிள்ளையாவது பார்த்து, இது பழைய யூனிஃபார்ம் ஆச்சே என்று சொல்லிவிடக் கூடாது. அதற்கு மஞ்சள் கோடுதான் அடையாளம். அதனால் மடிப்பு வைக்கும்போது ஒவ்வொரு மஞ்சளையும் உள்பக்கம் போகும்படி மடித்தேன். கட்டம் பிசகாமல் அப்படி மடிக்கப் பல தடவை பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. மடிப்புகளை இடுப்பிலிருந்து உயரத்தில் கால் பங்குக்கு மேல் வரைக்கும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். அதற்குக் கீழே அவை தானாக விரிந்து மூடும். இப்போது கட்டிலில் விரித்துப் பார்த்தால் உனக்கு மஞ்சளே தெரியாது. வெறும் பச்சையும் நீலமும்தான்.

தைத்து முடித்ததும், ஃபேன் காற்றை நம்பி உன்னை இன்னொரு தடவை தெருவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. உன் அப்பாவைக் கட்டி நடக்கச் சொன்னேன். வயிறு ஒத்துழைக்கவில்லை, இடுப்புப் பட்டையின் பக்கிள் எட்டவில்லை. அதனால் விடிந்ததும் சுடிதாருக்கு மேலே நானே கட்டிக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போனேன். ஆள் இருக்காது என்று நினைத்தேன். வள்ளம் கரைக்கு வரக் காத்துக்கொண்டு மீன்காரப் பெண்கள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள், ரோஸ்லினும் சேர்த்து. தலை ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பியது. பிறகு ஒருத்தி, "ஏய், டீச்சரம்மா மாதிரி இருக்காகளேன்னு நெனச்சா பட்டாளத்துக்குல்ல போறாக!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பிவிடலாம் என்று கால் இழுத்தது. ரோஸ்லின் எழுந்து, "யக்கா, வந்துட்டீக, நடங்க. கைய ரெண்டையும் மேல தூக்கிக்கங்க, தம்பி வாசிக்கிற மாதிரி" என்றாள். யாரோ மீன் அள்ளுகிற அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தாள். கையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஐஸ் பிளான்ட் திருப்பத்தில், உனக்கு வந்த அதே இடத்தில், அதே காற்று வந்தது. என் துப்பட்டா பிய்த்துக்கொண்டு போய் வேலிக்கருவை முள்ளில் மாட்டிக்கொண்டது. கண்ணில் மண் விழுந்தது. கில்ட் தொடையோடு ஒட்டி ஆடியது, தூக்கவில்லை.

அவர்கள் சிரிக்காமல் இருந்தார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். நான் படகுத்துறை வரைக்கும் போகிறவரை சிரித்தார்கள். பிறகு யாரோ "வள்ளம் வந்துருச்சு" என்று கத்தியதும் ஒருத்தி பாக்கியில்லாமல் சட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் ஓடிவிட்டார்கள். நான் கையைத் தூக்கியபடி நடுச்சாலையில் தனியாக நின்றேன். பார்க்க ஒரு ஆளில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அந்த மேடையும் அவ்வளவு நீளம்தான் இருந்திருக்கும்.

ரோஸ்லின் மட்டும் ஓடும்போது திரும்பி, "யக்கா, பின்னாடி மஞ்சளா மின்னுதே, அது என்ன?" என்று கேட்டாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. நடக்கும்போது மடிப்பு ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிறதல்லவா, அதற்குள்ளிருந்து மறைத்து வைத்த மஞ்சள் எட்டிப் பார்த்திருக்கிறது. நான் அதற்காக மடிக்கவில்லை, தம்பி. பழைய யூனிஃபார்ம் என்பது தெரியக் கூடாது என்று மறைத்ததுதான். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நின்றால் தெரியவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டே நடந்து பார்த்தேன், கட்டிலில் இடித்துக்கொண்டேன். கட்டியிருக்கிறவளுக்கு அது தெரியாது போலிருக்கிறது. உன் அப்பாவிடம் பார்த்துச் சொல்லச் சொன்னேன். "அவன் நடக்கும்போது பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இன்ஜினுக்குள் குனிந்துகொண்டார்.

பக்கிள் இரண்டும் வலது பக்கம் வர வேண்டும், மேல்விளிம்பு தொப்புள் உயரத்தில். துவைத்தால் கிழியாது, சாயம் போகாது. ஒரு துண்டை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுப் பார்த்துவிட்டேன். பெட்டிக்குள் மடித்து வைக்காதே, சுருட்டி வை. பிராக்டிஸ் வரைக்கும் இடம் காலியாக இருக்கும் என்று சொன்னாய். ஊர்வலம் போகிற அன்று நான் வாசலில் நிற்க மாட்டேன். ஐஸ் பிளான்ட் திருப்பத்தில் ரோஸ்லின் பக்கத்தில் நிற்பேன். நீ என்னைத் தாண்டிப் போன பிறகுதான் பின்பக்கம் தெரியும். அந்த மஞ்சளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அம்மா